உள்ளே வேறு எண்

கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டாக்டர் அறை வாசலில் நிற்பது என் வேலை. கதவுக்கு மேலே உள்ள பலகையில் எண் வரும். அதைச் சத்தமாகச் சொல்லிக் கதவைத் திறந்துவிட வேண்டும். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எண்ணைக் கூப்பிடுவது பேச்சில் சேராது என்பதால் பழகிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஃபேனுக்கு அடியில் வேலை கிடைத்ததே பெரிசு என்று ஊரில் சொல்வார்கள்.

முன்பெல்லாம் அட்டையில் எண் எழுதிக் கொடுப்போம். தெரிந்தவர்களை இடையில் உள்ளே விடுவார்கள். எல்லாரும் பார்க்கவே அது நடக்கும், சண்டையும் வரும். பிறகு கம்ப்யூட்டர் வைத்தார்கள். கவுன்டரில் பெயரும் ஊரும் சொன்னால் டோக்கன் வரும். யாருடைய தயவும் வேண்டாம் என்று நானும் நம்பினேன்.

ஆனால் பலகையில் எண்கள் முன்னும் பின்னுமாக வந்தன. யாராவது கேட்டால் ‘ரிப்போர்ட் காட்ட வந்தவர்கள் இடையில் போவார்கள்’ என்று சொல்லும்படி மேனேஜர் எனக்குச் சொல்லியிருந்தார். ஒருநாள் கூட்டத்தில் ஒருவர் எழுந்தே வந்துவிட்டார்.

“என்னண்ணே, பன்னண்டுக்கு அப்புறம் முப்பத்தெட்டு வருது? உங்க பள்ளிக்கூடத்துல இப்பிடித்தான் எண்ணச் சொல்லிக் குடுத்தாகளா?”

எல்லாரும் சிரித்தார்கள். “ரிப்போர்ட் காட்ட வந்தவுக” என்றேன்.

“அந்தாளு கையில கார் சாவிதான இருக்கு. அதையா ஸ்கேன் எடுத்துட்டு வந்தாரு?”

நான் அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். ரிப்போர்ட் என்று மேனேஜர் சொன்னதை நான் நம்பித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரில் அந்த டோக்கன் ஏற்பாட்டை எழுதிக் கொடுத்தவர் ஒருநாள் மதியம் பலகையைச் சரிசெய்ய வந்தார். முப்பது வயது இருக்கும். நோயாளிகள் போய்விட்டார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். எண் ஏன் சார் மாறி மாறி வருது என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவருக்கு அதைச் சொல்ல ஆசை இருந்திருக்க வேண்டும். நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“இந்தக் கம்ப்யூட்டர் மொழியில ஒரு பேரு வச்சு, அதுக்குள்ள ஒரு மதிப்பைப் போட்டு வைப்போம்ணே. காட்டுன்னு சொன்னா எழுத்தா எடுத்துக் காட்டும். கூட்டு, வரிசைப்படுத்துன்னு சொன்னா எண்ணா எடுத்துக்கும். உள்ளுக்குள்ள ரெண்டுக்கும் தனித்தனி அறை இருக்கு. சாதாரணமா ரெண்டுலயும் ஒரே மதிப்புதான் இருக்கும். நான் உள்ள கைய விட்டு வேற வேறயா வச்சிருக்கேன். இங்க பாருங்க.”

ஏதோ தட்டினார். திரையில் 12 என்று வந்தது. “இப்ப இதோட ஒண்ணக் கூட்டுவோம்” என்று மறுபடி தட்டினார். 73 என்று வந்தது.

“பதிமூணுதான சார்?”

“உங்களுக்குப் பதிமூணு. நீங்க பாத்தது எழுத்து. உள்ள இருக்கிற எண்ணு எழுவத்திரெண்டு. வரிசை அதை வச்சுத்தான் போகும்.” திரையை ரசித்துப் பார்த்தார். “கவுன்டர்ல இருக்கிற பொண்ணுக்குக்கூடத் தெரியாது.”

எதை வைத்து எண்ணை மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். ஊரை வைத்து என்றார். பஸ்ஸில் வருகிற ஊர் என்றால் அறுபது கூடிவிடுமாம். மேனேஜர் கேட்டது அப்படித்தானாம்.

“கே.கே. நகர் ஆளு கொஞ்ச நேரம் பாப்பாரு, வேற கிளினிக்குக்கு வண்டிய விட்டுருவாரு. ஊருக்காரவுக எங்க போகப் போறாக? உக்காந்துதான் இருப்பாக.”

“அலங்காநல்லூர்ப் பக்கமுமா சார்?”

“அதுவும்தான். ஏண்ணே, உங்க ஊரா? உங்களுக்கெல்லாம் எதுக்கு டோக்கன், நேரா உள்ள போயிரலாமே” என்று சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்.

எங்கள் அப்பா காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் காத்திருப்பதே பாதி வேலை. அடுத்தவர் களத்தில், அடுத்தவர் வாசலில், கூப்பிடும்வரை நிற்பார்கள். கூப்பிடாவிட்டால் யார் கூப்பிடவில்லை என்றாவது தெரியும். இப்போது அதுவும் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து என் அக்காவுக்குக் காலில் புண் வந்தது. சர்க்கரை உள்ளவள். கட்டைவிரல் கறுத்துக்கொண்டு வருகிறது என்று போனில் சொன்னாள். எங்கள் டாக்டர் சர்க்கரைப் புண் பார்ப்பதில் கைராசிக்காரர். வரச் சொன்னேன். நான் கிளினிக்கைத் திறக்கப் போனபோதே வாசலில் உட்கார்ந்திருந்தாள். கவுன்டர் திறந்ததும், நான் வருமுன்பே, ஊர்ப் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்லி டோக்கன் வாங்கினாள். ஆறு.

“ஆறாவது ஆளுடா நானு. வெயிலுக்கு முன்ன வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள்.

 டாக்டர் ஒரு மணிக்கு எழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அவளுடைய ஆறு உள்ளே அறுபத்தாறு; அது வருவதற்குள் அவர் போய்விடுவார் என்று தெரியும். எண்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா ஒவ்வொரு தடவையும் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

கவுன்டர் பெண்ணிடம் போய் நின்றேன். கேட்க வாய் வராமல் இரண்டு தடவை திரும்பி வந்தேன். கடைசியில், அக்காவுக்கு இந்தத் தெருப் பேரில் இன்னொரு டோக்கன் போடம்மா என்று கெஞ்சினேன். “எதுக்குண்ணே?” என்றாள். நான் நின்ற நிலையைப் பார்த்து மேலே கேட்காமல் போட்டுக் கொடுத்தாள். நாற்பத்தேழு.

அதைக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன். பார்த்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியும்.

“கூறு கெட்டவனே, ஆறு எங்க, நாப்பத்தேழு எங்க? எவன்டா உன்ன ஏமாத்திக் குடுத்தது?”

“மெல்லப் பேசுக்கா. இதுதான் முன்னால வரும்.”

“நாப்பத்தேழு முன்னால வருமா?”

“உள்ள வேற நம்பர் இருக்குக்கா.”

“உள்ளன்னா எங்க?”

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர்கள் எல்லாரும் பஸ்ஸில் வந்தவர்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி நான் என்ன சொல்வது? சொன்னால் வேலை போகும் என்பது ஒரு பக்கம். அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை என்பதுதான் நிசம். “நான் சொல்றேன்ல, வச்சுக்க” என்று அவள் மடியில் அதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

பகல் ஏற ஏற, முன்பே டோக்கன் வாங்கிப் போயிருந்த கே.கே. நகர் ஆட்கள் திரும்பி வந்து, உட்காராமலே உள்ளே போனார்கள். பிறகு பலகையில் நாற்பத்தேழு வந்தது.

“நாப்பத்தேழு” என்றேன். அக்காவைப் பார்த்தேன். அவள் ஆறாம் டோக்கனைத் தூக்கிக் காட்டி, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் கூப்பிட்டேன். “ஆள் இல்ல போல, அடுத்தத விடுங்கண்ணே” என்று யாரோ சொன்னார்கள். உள்ளே டாக்டர் மணியை அடித்தார். பலகை அடுத்த எண்ணுக்குப் போனது.

ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பினார். மீதிப் பேரை நாளைக்கு வரச் சொன்னார்கள். அக்கா எழுந்து, கறுத்த கால் தரையில் படாமல் நொண்டிக்கொண்டு வெளியே போனாள். “நாளைக்கு நடவுக்கு ஆள் சொல்லியிருக்கேன். நாலு நாள் போகட்டும்” என்றாள். நாலு நாள் பொறுக்கவில்லை. காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிப் படுத்திருந்தாள். கம்ப்யூட்டர்காரர் சொன்னதை எல்லாம் அவளிடம் சொன்னேன். அங்கே சொல்ல முடிந்தது. முழுக்கக் கேட்டாள்.

“சரிடா. கூப்புடுறது யாரு, அந்த டப்பாவா, நீயா?”

“நான்தான்க்கா.”

“கதவு யாரு கையில இருந்துச்சு?”

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

“ஆறுன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் எந்திரிச்சு உள்ள போயிருப்பேன்ல.”

“பலகையில வரலக்கா.”

“பலகையப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருந்தேன். நீ எதப் பாத்துக்கிட்டு நின்ன?”

அவள் பன்னைப் பிய்த்துப் பாலில் தொட்டுத் தின்றாள்.

அதே வாசலில்தான் இன்னும் நிற்கிறேன். வேறு வேலை தேடவில்லை. முதல் பஸ்ஸில் வந்து சின்ன எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்காமல் கூப்பிடக் கற்றுக்கொண்டேன். யாராவது எழுந்து வந்து கேட்டால், ரிப்போர்ட் காட்ட வந்தவுக என்கிறேன். இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டுவதே இல்லை.