மூலை மடித்த ஓட்டு

பெரிய வீட்டுக்காரர் செத்தபோது ஊரே போய் மாலை போட்டது. நான் போகவில்லை. செத்துப்போனவரை மன்னித்துவிடக் கூடாதா என்று கேட்டார்கள். எங்கள் பசுமாட்டைக் கேட்டு வந்து சொல்லுங்கள், மன்னிக்கிறேன் என்றேன்.

ரிஷிவந்தியத்துப் பக்கம் எங்கள் ஊர். ஒரு சாண் நிலம் இல்லாத தெரு எங்களுடையது. அவர் கழனியில்தான் கூலி, அவர் வரப்பில்தான் மாட்டுக்குப் புல். ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தால் அவர் நிற்பார், நாங்கள் குத்துவோம். சீட்டில் முத்திரை வைப்பதற்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர்.

ஒரு முறை அம்மா எதிரே நின்ற சைக்கிள் கடைக்காரருக்குக் குத்திவிட்டாள். ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் மறைப்பு அட்டையைச் சன்னலை ஒட்டி வைத்திருந்தார்கள். வெளியே பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை பீடியோடு நின்று எட்டிப் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை. மறுநாள் புல் அறுக்கப் போனவளிடம் அரிவாளைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தான்.

"இனிமே இந்த வரப்புல கால வெச்ச, கால் இருக்காது."

தீனி இல்லாமல் மாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தது, பால் வற்றியது. கடைசியில் அடிமாட்டு வியாபாரி ஓட்டிக்கொண்டு போனான். அவர் கழனியில் கூலியும் இல்லாமல், அம்மா ஜீப்பில் தொங்கிக்கொண்டு வெள்ளிமலைக்கு மரவள்ளி பிடுங்கப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அடுத்த தேர்தலுக்குள் யாரோ அதிகாரிகளுக்கு எழுதிப்போட்டு, அந்தச் சன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். பெரிய வீட்டில் வேறு வழி யோசித்தார்கள். கணக்குப்பிள்ளை எங்கள் தெருவுக்கு வந்தான்.

"சீட்ட மடிக்கறதுக்கு முன்னால ஒரு மூலைய மட்டும் உள்ளார மடிச்சிடுங்க. எண்றப்ப நான் அங்கதான் குந்திக்கினு இருப்பேன். மூல மடிச்ச சீட்டுல வேற யாருக்காவது குத்தியிருந்தா, தெருவுக்கே வரப்பு கெடையாது." அம்மா பக்கம் திரும்பினான். "ஒழுங்கா போட்டா பழச மறந்துடலாம். உனக்கும் புல்லு உண்டு."

எங்கள் தெருச் சீட்டைத் தனியாகப் பொறுக்குவதற்கு இந்த ஏற்பாடு. அவன் போனதும் நான் கொதித்தேன். அம்மா சிரித்தாள்.

"மூலையத்தான கேக்குறான், மடிச்சிக் குடுப்போம். ஊரே மடிச்சிச்சின்னா இன்னா பண்ணுவான்?"

மறுநாள் மாவு மெஷினில் வரிசையில் நின்றபடி, "மூல மடிக்காத ஓட்டு செல்லாதாமே!" என்று அப்பாவியாகக் கேட்டுவைத்தாள். பொய்தான். அது காட்டுத்தீயாகப் பரவியது. பெரிய வீட்டுக்காரரின் தம்பி மனைவியே நாலு பேருக்கு மடித்துக் காட்டினாளாம்.

எண்ணிக்கையின்போது உள்ளே இருந்த சைக்கிள் கடைக்காரரின் மைத்துனர் சொல்லிக் கேட்டது இது. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்ததும் மூலை மடித்த சீட்டாகக் கொட்டியது. கணக்குப்பிள்ளை முதலில் சிரித்தான். ஒரு தெருவுக்கு இது ரொம்ப ஜாஸ்தி என்று உறைத்ததும் அவனுக்கு வேர்த்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சைக்கிள் கடைக்காரருக்கு.

பெரிய வீட்டுக்காரர் தோற்றார். மாற்றிக் குத்தியது எங்கள் தெருவா, சொந்தத் தம்பி வீடா என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் போனது. தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டார். சாகும்வரை சேரவில்லை. அதைக் கேட்டு எனக்கு உள்ளே குளிர்ந்தது, ஒளிப்பானேன்.

ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்து நின்றார்.

"இன்னாமே, யாருக்குக் குத்துன? நெசத்த சொல்லு."

"உங்களுக்குத்தாங்க. சொன்ன மாதிரியே மூலைய மடிச்சித்தான் போட்டேன். எண்றப்ப பாக்கலீங்களா?"

கணக்குப்பிள்ளை சொன்ன பேச்சுப்படி இனி அவளுக்கும் புல் உண்டு. அம்மா கூரையில் செருகியிருந்த புது அரிவாளை உருவினாள். வளர்த்துப் பங்கு தருவதாக வாரத்துக்குப் பிடித்திருந்த கன்றுக்குப் புல் அறுக்க, அவர் கண் முன்னாலேயே அவர் வரப்பில் இறங்கினாள்.