தன் போர்டையும் அளந்த பாய்

வெள்ளிக்கிழமை காலை ரஹ்மத் பாய் இறந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆலங்காயம் பஸ் நிலையத்தில் அவருடைய செருப்புக் கடைக்கு எதிரில்தான் என் புளி மண்டி. புதூர்நாட்டு மலையிலிருந்து வந்த ஜீப்பிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் மகன் யூசுப் வந்து சொன்னான். கடையை மூடிவிட்டேன்; ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

நம் வியாபாரிகள் சங்கத்தாரான உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். சாலையில் நீட்டியிருக்கும் போர்டுகளை எடுக்கப் பேரூராட்சி டிராக்டர் வந்தது. பாயின் இரண்டடிப் போர்டைப் பிடுங்கிப் போட்டார்கள். என் பத்தடிப் போர்டைத் தொடவில்லை. முன்தினமே பணம் கொடுத்து ஆளைக் கவனித்திருந்தேன். பஸ் நேரப் பலகையை மறைத்து நின்ற ஒரு பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனரையும் தொடவில்லை. மலைக்குப் போகிறவர்கள் பஸ் எப்போது என்று கடை கடையாகக் கேட்டார்கள்.

பாய் டேப்பை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க அளந்தார். என் போர்டு சாக்கடையைத் தாண்டி நாலடி. பேரூராட்சிக்கு மனு எழுதினார். அதில் முதல் பெயர் என்னுடையது. பிடுங்கிப் போட்ட தன் போர்டையும் விடாமல் இரண்டாவதாக எழுதியிருந்தார்; கல்யாண பேனர் கடைசியில்.

"இன்னா பாய், எதிர்க்கவே ஒக்காந்துகினு இப்டி பண்றீங்க?"

"நீங்க பெரிய ஆளு மொதலாளி. உங்க பேரு மேல இருந்தாதான் ஆபீஸ்ல கீழ வரைக்கும் படிப்பாங்க."

என் பெயரோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். என் போர்டு போனது; பேனர் நின்றது. இரண்டு மாதம் அவரிடம் நான் பேசவில்லை. அவரோ தினமும் கடை திறக்கும்போது, "கோவம் தீந்துச்சா, இன்னும் ஸ்டாக் இருக்கா?" என்பார். வியாழக்கிழமையும் கேட்டார். நான் உள்ளே போய் மூட்டை எண்ணினேன்.

அவருக்கு இருபதடியில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்ட முடிவெடுத்தீர்கள். வேண்டாம் என்றேன். "செத்த மனுசன் மேலயும் கோவமா?" என்றீர்கள். அது இன்னும் குத்துகிறது. "எங்கப்பா வூட்லயே போட்டோ மாட்ட வுடமாட்டாரு," என்றான் யூசுப்.

நீங்கள் கேட்பதாக இல்லை; நேரே பேரூராட்சி அதிகாரியிடம் போய், பேனருக்கு விதிப்படி அனுமதி உண்டா என்று கேட்டேன்.

"சாவு பேனருக்கு யாருங்க ரூல்ஸ் பாக்கறாங்க? கட்டிக்கங்க."

"சரிங்க. அப்ப உங்க ஆபீஸ் போர்ட மறைச்சு அது மேலயே கட்டிடறேன்."

அதிகாரியின் முகம் மாறியது. நாற்காலியைக் காட்டினார்.

பாய் எனக்கு விட்டுப்போனது இந்த அரிப்புதான். தெருவில் இறங்கினால் கண் தானாக அளக்கிறது. அதிகாரியோடு பேசி முடித்தது இது: பாய்க்குப் பேனர் கிடையாது. செவ்வாய்க்கிழமைக்குள் கல்யாண பேனர் இறங்க வேண்டும். அதன்பின் பஸ் நேரப் பலகைக்கு முன்னால் யார் எதை வைத்தாலும், நானே வைத்தாலும், அன்றே எடுக்கப்படும். எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.