கொய்யாக் கட்டை மத்து

இன்று பக்கத்து வீட்டில் கொய்யாக் கிளையை வெட்டினார்கள். பச்சைக் கட்டையின் துவர்ப்பு வாசனை வந்ததும், அரியலூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லை நினைவுக்கு வந்துவிட்டது. கிணற்றடியில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தமும், மேலே கொய்யா மரத்தில் கிளிகள் கொறிக்கும் சத்தமும், கனிந்த பழம் ஈர மண்ணில் தொப்பென்று விழும் சத்தமுமாக விடியும் கொல்லை அது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக ஊரையே எடுத்துக்கொண்டபோது, யாருக்கோ விட்டுப்போக மனமில்லாமல் அப்பா அந்தக் கொய்யாவை வெட்டி, டவுனில் கடைசல் பட்டறையில் கொடுத்து, தம்பிக்குப் பம்பரமும் எனக்குக் குங்குமச் சிமிழும் அம்மாவுக்கு மத்தும் செய்து வாங்கி வந்தார்.

"ஞாபகமா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்றார்.

அம்மா கை நீட்டவில்லை. "காய்க்கிற மரத்த வெட்டிப்புட்டு கட்டையக் கொண்டாந்து நீட்டுறீங்க. அது பாட்டுக்கு நின்னுட்டுப் போவட்டும்னு விட்டிருக்கலாம்ல" என்றாள்.

சுரங்கம் எங்கள் கொல்லையை எட்டப் பல வருஷம் ஆயிற்று. அதுவரை, ஆளில்லாத மற்ற வீடுகளின் கொல்லைகளில் மரங்கள் காய்த்துக்கொண்டேதான் நின்றன. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் பறித்துத் தின்றார்கள். பஸ் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.