நோ சுகர்

நெய்வேலி டவுன்ஷிப் டீக்கடையில் நாங்கள் நான்கு பேர்: ஆங்கில டீச்சர், வியட்நாமிலிருந்து படிக்க வந்திருக்கும் மாணவி, கடைக்கார அக்கா, எட்டாவதோடு நின்றுவிட்ட வேன் டிரைவர் நான்.

ஆங்கிலத்தில் கேட்டு எல்லோருக்கும் டீ சொல்வதுதான் மாணவிக்கு இன்றைய பாடம். அவள் என்னிடம் படபடவென்று ஏதோ கேட்கிறாள். எனக்கு வியர்க்கிறது. நான் சர்க்கரை வியாதிக்காரன். தப்பாகத் தலையாட்டினால் இனிப்பு டீ வந்துவிடுமே!

டீச்சர், மெதுவாக என்று மாணவிக்குக் கையால் காட்டி, ஸ்பூனால் கலக்குவதுபோல் நடித்துவிட்டு, சிரித்தபடி காத்திருக்கிறார். அவள் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கேட்கிறாள்.

“இன்னாண்ணே, இப்டி நடுங்கிகினு இருக்கீங்க? அந்தப் பொண்ணும்தான் நடுங்குது, பாருங்க,” என்கிறார் அக்கா.

ஆமாம், அவள் விரல்களும் நடுங்குகின்றன.

“நோ சுகர்,” என்கிறேன்.

அவள் துள்ளிக் குதிக்கிறாள். டீச்சர் எங்கள் இருவருக்குமாகக் கைதட்டுகிறார்.

என் டீக்கும் அவளே காசு கொடுத்துவிட்டாள். ஆங்கிலத்தில் சொல்லித்தான் திருப்பித் தரவேண்டுமாம், டீச்சர் உத்தரவு. வாக்கியம் தேடிக்கொண்டே வேனை ஓட்டுகிறேன். பாக்கி பன்னிரண்டு ரூபாய்.