அந்த மேட்டுக்குப் புல் வெட்டுவது யார்?

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. ஹம்பேர்க் நகரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் நானும் மனைவியும் வாழ்ந்துவந்தோம். எங்களுக்கு நேர் மேல் வீட்டில் தனியே இருந்தவர், இளவயதில் கொரியாவிலிருந்து இந்நாட்டுக்குத் தாதியாக வந்த ஒரு பெண்மணி. அவர் வேலை பார்த்த மருத்துவமனையின் சலவைப் பகுதியில்தான் நானும் பல ஆண்டுகள் உழைத்தேன். இருவரும் ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் மாடிப்படிகளில் தொடர்ந்தது. என் மனைவி அவரை அக்கா என்று அழைப்பாள். அதைக் கேட்டுப் பழகி, அவர் என்னை அண்ணை என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டது டொச் என்னும் ஜெர்மன் மொழியில்தான். ஆயினும் என் நினைவில் அவருடைய பேச்சு யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

ஒரு கோடைக் காலையில், நான் வழிபாடு முடித்துப் பதிகம் பாடி எழும் வரை வாசலிலேயே காத்து நின்று, பிறகு உள்ளே வந்தார். முகம் வாடியிருந்தது. அவருடைய தாயார் எண்பதைக் கடந்தவர். கொரியாவில் கியோங்ஜு என்னும் பழைய தலைநகரை அடுத்த சிற்றூரில் மகன் வீட்டில் இருந்தார். சில மாதங்களாகப் படுக்கை. மகளுக்கோ இதய நோய். நெடுந்தூர விமானப் பயணம் கூடவே கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தார். ஆகவே தாயும் மகளும் தொலைபேசியில் மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

அந்தத் தாயாரை வாட்டியது நோயைவிட ஒரு கேள்வி. அவர்கள் நாட்டில் இறந்தவரைப் புதைத்து, மேலே உருண்டையாக மண் குவித்துப் புல் வளர்ப்பார்கள். ஆண்டுதோறும் இலையுதிர்காலத்து முழுநிலவுக்கு முன் பிள்ளைகள் கூடி அந்த மேட்டுப் புல்லை வெட்டித் துப்புரவு செய்து, உணவு படைத்து வணங்குவார்கள். புல் மண்டிய மேட்டைக் கண்டால், இவருக்கு ஆளில்லை என்று ஊர் பேசுமாம். மகளின் கணவர் இங்கே காலமாகி, ஹம்பேர்க் மயானத்தில் அடக்கமானவர், பிள்ளைகள் இல்லை. இந்நாட்டில் கல்லறை நிலம் குறித்த காலத்துக்குத்தான் தரப்படும், நீட்டிக்க ஆளில்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்பதை மகள் ஒருநாள் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தாயார் உணவைக் குறைத்துவிட்டார். "உன்ர மேட்டுக்கு அங்க ஆர் புல்லு வெட்டுறது?" என்பதே ஒவ்வொரு அழைப்பிலும் கேள்வி. ஊருக்குத் திரும்பி வா என்று அழுகை.

ஹம்பேர்க்குக்குத் தெற்கே, குறுஞ்செடிகள் படர்ந்த ஹைடே என்னும் பெருவெளியில் மூவாயிரம் ஆண்டுப் பழமையான புதைமேடுகள் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். இந்த மண்ணிலும் மேடுகள் நிலைத்து நிற்கின்றன, அவற்றையும் யாரோ பேணுகிறார்கள் என்பதைத் தாயார் கண்ணால் கண்டால் மனம் ஆறும் என்று நம்பினார்.

"அண்ணை, நீங்கள் படம் பிடிக்கிற ஆள்தானே. அம்மா கண் மூடுறதுக்கு முதல் ஒரு படம் எடுத்துத் தாங்கோ."

உண்மைதான். யாழ்ப்பாணத்தில் எனக்கு ஸ்ரூடியோ இருந்தது. கல்யாணப் படங்களும் செத்தவீட்டுப் படங்களும் எடுத்தவன் நான். பிணத்தைச் சூழ்ந்து உறவினர் நிற்க எடுக்கும் படம் எங்கள் ஊரில் அந்நாளில் தவறாத வழக்கம். ஹம்பேர்க்குக்கு வந்த பின் கமரா பெட்டிக்குள் உறங்கியது. அஞ்சலட்டை வாங்கி அனுப்பலாமே என்றேன். அதை யாரும் வாங்கலாம், நீ அங்கே போனாயா என்று அம்மா கேட்பார் என்றார். அதற்குமேல் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "ஆரின்ரையோ சுடலையைப் படம் பிடிக்க இந்த வயசில வெளிக்கிடுறியள். திரும்பி வந்தால் கீழ உடுப்புத் தோய்க்கிற அறையில தலையில தண்ணி வாத்துப்போட்டு மேல வாங்கோ," என்றாள்.

முதற் பயணம் ஆகஸ்ட் மாதம். நானும் அவரும் ரயிலிலும் பஸ்ஸிலும் சென்று, மணற்பாதையில் மெதுவாக நடந்து இடத்தைச் சேர்ந்தபோது உச்சிவெயில். வெளியெங்கும் ஊதாப் பூ; பூப் பார்க்க வந்த கூட்டம் வேறு. மேட்டைக் கண்ணால் கண்டோம். ஆனால் கழுவி வந்த படத்தில் மேட்டைக் காணோம். பூத்த வெளியும் நடுவே ஏதோ சிறு புதரும் மட்டுமே இருந்தன. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பூக்கள் நன்றாக விழுந்திருக்கின்றன என்றார். அந்த மரியாதை எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய சமையலறைச் சுவரில் கியோங்ஜு அரசர்களின் புதைமேடுகளைக் காட்டும் நாட்காட்டி ஒன்று தொங்கியது. ஊருக்கு நடுவே பசும் புல் போர்த்த குன்றுகள். ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்ததுபோன்ற வளைவுகள். மாலை வேளைகளில் மாடியேறிச் சென்று அந்தப் படங்களின் முன் நின்றேன். எதிலும் வெளிச்சம் மேலிருந்து விழவில்லை. சூரியன் தாழ்ந்து பக்கத்திலிருந்து தடவினால்தான் ஒரு மேடு மேடாகத் தெரியும். ஒரு தோள் ஒளியிலும் மறு தோள் நிழலிலும் இருக்க வேண்டும். புல்லும் குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவே எழாது. ஸ்ரூடியோவில் முகங்களுக்கு விளக்கு வைத்தவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் முதல் ரயிலைப் பிடித்து மறுபடி போனோம். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் மேட்டின் மேல் புல்லும் செடியும் முழங்கால் உயரம். பேர்ச் மரக்கன்றுகளும் முளைத்திருந்தன. நான் கமராவை எடுக்குமுன் அவர் பையைத் திறந்து ஒரு அரிவாளை எடுத்தார். தடுக்க வாயெடுத்தேன், அதற்குள் குனிந்து வெட்டத் தொடங்கிவிட்டார். இதய நோயாளியை வெட்டவிட்டு நான் நிற்க முடியுமா? பிடுங்கி நானும் நாலு பிடி வெட்டியிருப்பேன். பின்னால் ஒரு குரல். அந்த இயற்கைக் காப்பகத்தின் காவலர் சைக்கிளில் வந்து நின்றார்.

இங்கே ஒரு செடியைக் கிள்ளினாலும் குற்றம். நீங்கள் தொல்பொருட் சின்னத்தின் மேல் அரிவாளோடு நிற்கிறீர்கள் என்றார். நான் அரிவாளைக் கீழே இறக்கினேன். பெண்மணியோ நிமிர்ந்து நின்று, இங்கே படுத்திருப்பவருக்குப் பிள்ளைகள் இல்லையா, ஏன் இப்படிக் காடாக விட்டிருக்கிறீர்கள் என்று காவலரிடமே கேட்டார். பிறகு அந்தப் பெண்மணி தம் தாயாரின் கேள்வியைச் சொன்னதும், காவலர் சைக்கிளைச் செடியில் சாய்த்துவிட்டு அருகில் வந்தார். புல் வெட்ட ஆள் உண்டு, ஆனால் நாலு காலில் வருவார்கள் என்றார். இந்த வெளியைக் காடாக விடாமல் காப்பவை சாம்பல் நிறக் கொம்பு ஆடுகள்தாம். மேட்டையும் சேர்த்தே மேய்ந்துவிடும். மந்தை இப்போது வெளியின் மறுபக்கத்தில் இருந்தது. இந்தப் பக்கம் வர அக்டோபர் கடைசி ஆகலாம் என்றார். மந்தை வந்ததும் அறிவிப்பதாகத் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் கடைசி என்பது எங்களுக்கு மிகத் தொலைவு. இலையுதிர்காலத்து முழுநிலவு வந்து போனது. தாயார் கஞ்சி மட்டும் குடிப்பதாக, கொரியாவில் அவரைப் பார்த்துக்கொண்ட பெண்மணியின் தம்பி சொன்னார். பின்னர் கஞ்சியும் பாதியானது. வேறெங்காவது புல் வெட்டிய ஏதேனும் மேட்டைப் பிடித்து அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நானே கேட்டேன். அவர் தலையசைத்தார். "அம்மாவுக்குப் பொய் அனுப்பேலாது, அண்ணை." என் இறைவன் முன் நாள்தோறும் பாடுகிற நான் வெட்கித் தலை குனிந்தேன். காத்திருந்தோம்.

காவலரின் அழைப்பு வந்த மறுநாள் விடியுமுன்பே புறப்பட்டோம். நிலத்தில் மெல்லிய உறைபனி. மந்தை மேட்டைக் கடந்து அப்பால் சென்றுகொண்டிருந்தது. சில ஆடுகள் இன்னும் அதன் சரிவில் நின்று கடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் செப்டம்பரில் கண்ட புதர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மேடு தலை மழித்து நீராடியவரைப்போல் இருந்தது. சூரியன் எழுந்ததும் அதன் ஒரு தோள் பொன்னாயிற்று.

அவர் பேரிக்காயும் சோறும் எடுத்து மேட்டின் முன் வைத்தார். யாரென்று தெரியாத ஒருவருக்கு வெறுங்கையோடு படம் எடுத்துப் போகக்கூடாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவரின்ர பேர் எனக்குத் தெரியாது. நீங்கள் காலமை பாடுறதைப் பாடுங்கோ," என்றார்.

ஊரில் செத்தவீட்டுப் படம் எடுத்தால் கிணற்றடியில் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை நான். ஆனால் நான் பாடும் பெருமானுக்குச் சுடலையே ஆடரங்கு. அவன் மேனியில் பூசுவது அங்குள்ள நீறு. அவனைப் பாட அதைவிடப் பொருத்தமான இடம் எது? வாய் குளிரில் நடுங்க, ஒரு பதிகம் முழுவதும் பாடினேன். ஆடொன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மேய்ந்தது. அவர் கொரிய முறைப்படி நிலத்தில் நெற்றி பதித்து வணங்கினார். இரண்டாம் முறை குனிந்தபோது மேட்டின் வளைவும் அவர் முதுகின் வளைவும் ஒன்றாய்த் தெரிந்தன. அழுத்தினேன். பிறகு அவர் வெட்டித் தந்த பேரிக்காயை அங்கேயே நின்று தின்றேன். துடக்கு, தீட்டு என்ற எண்ணம் எழாமலில்லை, எழுந்தும் தின்றேன். வீடு திரும்பியபோது மனைவி சொன்னபடியே கீழே குளிர்ந்த நீரில் முழுகிவிட்டுத்தான் மேலே போனேன்.

படம் கழுவி வந்தது. மேடு இருந்தது, ஒளி இருந்தது, அவர் இருந்தார். கூடவே ஒரு பெரும் பிழையும் இருந்தது. சூரியன் என் முதுகுக்கு ஒருபுறமாகத் தாழ்ந்திருந்ததால் என் நிழல் நீண்டு, தொப்பியும் மடித்த முழங்கைகளுமாகப் புல்லின் மேல் கிடந்தது. அவருக்குப் பக்கத்தில், மேட்டின் அடிவரை. ஸ்ரூடியோவில் இப்படி ஒரு நிழல் விழுந்திருந்தால் படத்தைக் கிழித்திருப்பேன். மீண்டும் போக நாள் பார்த்தேன். மழையும் மூடுபனியும் தொடர்ந்தன. அந்தப் பக்கத்தையாவது வெட்டி அனுப்புங்கள் என்றேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு முழுப் படத்தையும் தபாலில் சேர்த்துவிட்டார்.

ஒரு மாலை கதவைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது, நான் கெட்ட செய்தி என்றே நினைத்தேன்.

"அம்மா மேட்டைப் பற்றிக் கேக்கேல்லை, அண்ணை. முதல்ல உங்களைத்தான் கேட்டவ."

"என்னையோ?"

"ஓம். பக்கத்தில கிடக்கிற நிழல் ஆரின்ர எண்டு கேட்டா. கீழ் வீட்டு அண்ணை எண்டன். அந்த ஆள் உனக்குப் புல்லு வெட்டுவாரோ எண்டு கேட்டா. வெட்டுவார் எண்டு சொல்லிப்போட்டன்."

பின்னாலிருந்து என் மனைவி, "இவரோ? பல்கனியில நிக்கிற துளசிக்கே தண்ணி ஊத்த மாட்டார்," என்றாள்.

"அவர் வெட்டாட்டி நீங்கள் வெட்டுவியள் எண்டும் சொல்லிப்போட்டன்," என்றார் அவர். மூவரும் சிரித்தோம்.

அன்றிரவு தாயார் ஒரு கிண்ணம் சோறு கேட்டு வாங்கி உண்டாராம். திரும்பி வா என்று அதன் பிறகு அவர் கேட்கவேயில்லை. பனி உருகும் முன்பே அமைதியாகக் காலமானார். படம் தலைமாட்டில் இருந்ததாகத் தம்பி சொன்னார்.

அடுத்த இலையுதிர்காலத்தில், முழுநிலவுக்கு முந்திய வாரம், மேல் வீட்டுப் பெண்மணி கேட்காமலே அவரோடு மயானத்துக்குச் சென்று அவர் கணவரின் கல்லறைப் புல்லைக் கத்தரித்தேன். நிலத்தின் காலம் முடிந்தபோது அதை நீட்டிக்கும் அலுவலிலும் உடன் சென்றேன். இன்றுவரை ஓராண்டும் தவறவில்லை. முழங்கால் மடங்க மறுப்பதால் இப்போது சிறு முக்காலி ஒன்றையும் தூக்கிப் போகிறேன். அவர் என்னைவிட நன்றாகவே மாடி ஏறுகிறார். யார் யாருக்கு முந்துவோம் என்பது இறைவனுக்குத்தான் தெரியும். உங்களைச் சாம்பலாக்கி நீரில் விட்டுவிடுவார்களே, அப்போது நான் எதை வெட்டுவது என்று ஒருமுறை கேட்டார். "இப்பவே நகத்தை வெட்டி விடுங்கோ, அக்கா," என்றாள் என் மனைவி.

வாழ்நாளில் என் வாயாலேயே கொடுத்த வாக்குகள் பல காற்றில் போயிருக்க, என்னைக் கேளாமல் என் பேரில் இன்னொருவர் கொடுத்த அந்த ஒரு வாக்கைத்தான், என் கமராவுக்கு முன்னே தானாக விழுந்த நிழலைப் பார்த்து நம்பிய ஒரு தாய்க்காக, இத்தனை ஆண்டுகளாக வழுவாமல் காத்து வருகிறேன்.