பிஸ்கட் பேணிக்குள் பத்திரமாக

எனக்குக் கடதாசி விஷயத்தில் கொஞ்சம் பைத்தியம். கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பதினொரு வருஷம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். போட்டோக்கொப்பியோடு வந்து நின்ற எத்தனையோ பேரை, ஒரிஜினலைக் கொண்டுவாருங்கோ என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் என் அறையைக் கொளுத்தினார்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், வேலைக் கடிதம் எல்லாம் அதோடு போயின. அந்த வருஷக் கடைசியில் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது, அவசரமாக எடுத்த ஒரு பாஸ்போட்டைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல ஒரு துண்டுக் கடதாசிகூட என்னிடம் இல்லை. குடிவரவுக் கந்தோரில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் "எரிந்துபோயிற்று" என்று ஒரே பதிலைச் சொல்லி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு வருஷம் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய பிறகு, ஒரு பல்கலைக்கழகத்தில் அரைநாள் வேலை கிடைத்தது. அங்கே ஒரு பேராசிரியை, இடைக்கால இங்கிலாந்தில் காவலுக்கும் அடைக்கலத்துக்கும் பத்திரப்படுத்தலுக்கும் வழங்கிய சொற்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பழைய சட்டங்களிலும் கடிதங்களிலும் அந்தச் சொற்கள் வரும் இடங்களைக் குறித்துத் தருவார். நான் அவற்றைச் சிறு துண்டுகளில் எழுதி, அகரவரிசைப்படி இழுத்துத் திறக்கும் லாச்சிகளில் அடுக்கவேண்டும். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

'முண்ட்' என்று ஒரு சொல். அதற்குக் கை என்று பொருள்; ஒரு வீட்டுக்காரன் தன் கூரையின் கீழ் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் காவலும் அதுவேதான். 'கிரித்' என்று இன்னொன்று. அது ஓர் இடத்துக்கோ குறித்த காலத்துக்கோ மட்டும் உரிய காவல். தேவாலயத்தின் கிரித்துக்குள் வந்துவிட்டவனை ஒருவரும் தொடக்கூடாது. எல்லைக்கு வெளியே கால் வைத்தால் அவன் பாடு. மீறியவனுக்கு என்ன தண்டம் என்பதுவரை எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போயிற்று. கந்தோர் நடத்தத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ஒரே தம்பி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தான். யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருந்தவனை, கனடாவுக்குக் கூப்பிடுகிறேன் என்று நான்தான் கொழும்புக்கு வரச் சொன்னேன். இருபத்திரண்டு வயது. விண்ணப்பம் எழுதிய லோயர், சான்றிதழ்களின் கொப்பி போதும் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. கொப்பியைக் காட்டி ஆர் வேலை முடித்திருக்கிறார்கள்? அதோடு, லொட்ஜையும் ஒரு நாள் கொளுத்தினால்? தம்பிக்கு எழுதினேன்: எல்லா ஒரிஜினலையும், ஐ.சி. என்கிற அடையாள அட்டையையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பு. இங்கே என்னோடு இருந்தால் பத்திரம்.

அவன் மறுத்துப் பேசி வளர்ந்தவன் இல்லை. ஆனாலும் ஒரு கடிதம் வந்தது. "அண்ணை, இஞ்சை ரோட்டிலை மறிச்சு ஐ.சி.யைத்தான் முதல் கேக்கிறாங்கள். அதை மட்டும் நான் வைச்சிருக்கட்டோ?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவனுக்காக நான் ஓடித்திரிய அவன் எனக்குப் புத்தி சொல்கிறானாம். "கொப்பி ஒண்டை எடுத்து வைச்சுக்கொண்டு லொட்ஜுக்குள்ளை கிட. தேவையில்லாமல் வெளியாலை திரியாதை" என்று பேச்சுத்தமிழிலேயே காட்டமாக எழுதிப் போட்டேன். இப்போதும் அந்த வசனம் எனக்கு மனப்பாடம்.

மூன்று கிழமையில் தபால் வந்தது. அடையாள அட்டைப் படத்தில் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு விறைத்துப்போய் இருந்தான். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள் வைத்து மூடினேன். ரொறன்ரோவின் வோபர்ன் பக்கம் நான் இருந்த நிலக்கீழ் அறையில் தண்ணி ஏறும் என்பதால், அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அன்றைக்கு நன்றாக நித்திரை வந்தது.

அடுத்த மாதம் பேராசிரியை தந்த பக்கங்களில், வழிப்பயணக் காவல் கடிதம் பற்றிய சொல் வந்தது. அரசனுடைய கடிதம். வழியில் மறிப்பவனுக்கு எடுத்துக் காட்டவேண்டியது. கையில் வைத்திருப்பவனுக்குத்தான் காவல். வீட்டில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இதை என் கையாலேயே எழுதினேன். மை காயும்வரை ஊதினேன். லாச்சியில் அதற்குரிய இடத்தில் செருகிவிட்டு, கன்ரீனுக்குப் போய்க் கோப்பி குடித்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இதை நினைக்கும்போதுதான் என்னை நானே அறையவேண்டும் போல இருக்கும்.

இரண்டு கிழமை கழித்து லொட்ஜ்காரர் ரெலிபோன் எடுத்தார். தம்பி சவர்க்காரம் வாங்க முன்கடைக்குப் போனானாம். சந்தியில் ஆமிக்காரர் மறித்தார்களாம். கொப்பியைக் காட்டினானாம். ஒரிஜினல் எங்கே என்று கேட்டு ஜீப்பில் ஏற்றினார்களாம். கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஒரிஜினல் எங்கே. நான் பதினொரு வருஷம் கேட்ட கேள்வி.

பேராசிரியை விஷயத்தைக் கேட்டு ஒரு கிழமை லீவு தந்தார். நான் எடுக்கவில்லை. அறையில் இருந்தால் அலுமாரியின் மேல்தட்டுத்தான் கண்ணில் படும். வேலையில் இருந்துகொண்டு லாச்சி லாச்சியாகத் துண்டுகளை எடுத்து வாசித்தேன். காவலை உடைத்தவனுக்குத் தண்டம் இருந்தது. காவல் தருகிறேன் என்று சொல்லி ஒருவனை வெறுங்கையோடு நிற்கவிட்டவனுக்கு என்ன என்று ஒரு துண்டிலும் இல்லை. நான் எழுதிய துண்டுகள்தான், எனக்குத் தெரியாதா.

அம்மா ரெயின் ஏறிக் கொழும்புக்கு வந்தார். ஒரு சனிக்கிழமை காலை, லொட்ஜிலிருந்து ரெலிபோன் எடுத்தார்.

"மோனை, சின்னவனிட்டை ஐ.சி. இருந்ததுதானே? அது இருந்தா விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்களாம்."

சொல்லியிருக்கவேண்டும்.

"ஓம் அம்மா. இருந்தது."

"எனக்குத் தெரியும். அவன் அதை விட்டிட்டுப் போகமாட்டான்." அம்மாவின் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "உன்னட்டை நம்பர் இருக்கோ? ஆமிக் காம்புகளிலை கொண்டுபோய்க் குடுத்துக் கேக்கிறன்."

"எழுதி வைச்சிருக்கிறன். பொறுங்கோ."

பேணியை இறக்கி அட்டையை எடுத்தேன். ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினார்.

அந்த நம்பரோடு அம்மா ஏறி இறங்காத காம்ப் இல்லை. அப்படி ஒருவன் எங்களிடம் இல்லை என்று எல்லா வாசலிலும் சொன்னார்கள். மூன்று வருஷம் இப்படியே போனது. என் வேலை முடிந்தது, புத்தகமும் வந்தது. அம்மா விடவில்லை. தம்பி உயிரோடுதான் இருக்கிறான், நம்பரில்தான் ஏதோ பிழை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"ஒரு இலக்கம் மாறி எழுதிப்போட்டன் போலை, மோனை. இன்னொருக்காச் சொல்லு."

நான் பேணியைத் திறந்து, அட்டையைப் பார்த்து, முதலிலிருந்து வாசிப்பேன்.