பசை வைத்த யோயோ

பொம்மைத் தொழிற்சாலையின் சோதனை மேசையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். கூட வேலை செய்த பெண்கள் அவளைச் ‘சல்லடை’ என்பார்கள். அவள் கையைத் தாண்டி ஒரு சொத்தைப் பொருளும் வெளியே போனதில்லை.

தொழிற்சாலையில் யோயோ போட ஆரம்பித்த வருஷம்தான் அவளுக்கு வேலையில் உயிர் போனது. இரண்டு வட்டுகளுக்கும் நடுவே நூல் ஓடும் இடைவெளி மயிரிழை கூடினால், யோயோ கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும், மேலே வராது. குறைந்தால் கீழே நிற்காமல் வெடுக்கென்று திரும்பிவிடும். பத்துக்கு நாலைக் கழித்துக் கட்ட வேண்டியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் தண்ணீர் பாட்டிலைத் திருகித் திறந்தவள், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்க வட்டின் மேல்மூடியை இப்படித் திருகினால் உள்ளே இடைவெளி கூடிக் குறைகிற மாதிரி செய்தால் என்ன? புதிதாகக் கற்பவர் நெருக்கி வைத்துக்கொள்ளட்டும், கை தேர்ந்தவர் அகட்டிக்கொள்ளட்டும். காலி அட்டைப்பெட்டியின் பின்புறம் படம் போட்டு சூப்பர்வைசரிடம் கொடுத்தாள். மேலிடம் தலையாட்டியது.

புது அச்சு வந்தது, புது யோயோ வந்தது, அவள் பெயர் மட்டும் எங்கும் வரவில்லை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் எப்படித் திருகுவது என்று சொல்லும் தாளை, பெட்டியில் இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். வாங்கியவர்களெல்லாம் மூடி லொடலொடவென்று ஆடுகிறது என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் பசை பாட்டிலோடு அவள் மேசைக்கு வந்தார்.

“இனிமே ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு வச்சு ஒட்டிடும்மா.”

“திருகறதுக்குத்தானே சார் அந்த மூடியே?”

“எனக்குத் தெரியுது. ஜனங்களுக்குத் தெரியலையே.”

“ஒரு துண்டுத் தாள் போட்டா தெரிஞ்சுடும்.”

“மேலிடத்து உத்தரவு. என் தலையை உருட்டாதேம்மா.”

மூன்று வாரம், தன் யோசனைக்குத் தன் கையாலேயே பசை வைத்தாள். அந்த சீசனோடு யோயோவும் நின்றுபோனது.

ஓய்வு பெற்று ஏழாம் வருஷம் கடைவாய்ப்பல் வலி எடுத்தது. பல் டாக்டரின் அறையில், சாய்நாற்காலிக்கு எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. டாக்டருக்குப் பழைய பொம்மை சேர்க்கும் பைத்தியம். நடுத்தட்டில் அவளுடைய யோயோ சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

வாயில் ஊசி போட்டுப் பஞ்சை அடைத்த பிறகுதான் டாக்டர் பேச்சை எடுத்தார்.

“அந்தச் சிவப்பு யோயோவைப் பாக்கறீங்களா? ரொம்ப அபூர்வம். ஆனா செஞ்சவனுக்கு வேலை தெரியல. ஓரத்துல கோடு ஓடுது பாருங்க, அச்சு சரியா அமையல.”

“ம்ம்! ம்ஹூம்!” என்றாள்.

“வலிக்குதா?” என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

பல்லைப் பிடுங்கித் தையல் போட்டு முடித்ததும் மரத்துப்போன உதட்டோடு சொல்லிப் பார்த்தாள். “அது ஹோடு இல்ல, மூஹி” என்றுதான் வந்தது. டாக்டர் தோளைத் தட்டி, இரண்டு நாள் பேச வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் தையல் பிரிக்கப் போனபோது, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“வெந்நீர்ல கொஞ்ச நேரம் போடுங்க டாக்டர், பசை விட்டுடும். நானே திருகிக் காட்டறேன்.”

“ஐயையோ, பசையை எடுத்தா ஒரிஜினல் போயிடும்மா.”

“ஒரிஜினல் அந்தப் பசைக்கு உள்ளதான் இருக்கு.”

அவர் சிரித்தார். அவள் மனம் கோணக் கூடாது என்று அங்கேயே ஒரு சீட்டு எழுதி யோயோவின் முன்னால் வைத்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்: ‘மூடி திருகக்கூடியது என்று முன்னாள் ஊழியர் ஒருவர் கூறுகிறார். உறுதி செய்யப்படவில்லை.’

“உறுதி செய்ய விடமாட்டேங்கறது நீங்கதானே டாக்டர்?”

அவர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தையலைப் பிரித்துவிட்டு, பக்கத்துப் பல்லும் ஆடுகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

“வேற டாக்டரைப் பாத்துக்கறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டு வாசலில் கணவர் கேட்டார்: “பல் சரியாயிடுச்சா?”

“பல்லுக்கென்ன” என்று செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள்.